நாடி ஏன் 112-இல் நின்றது?

இக்கட்டுரையைப் படிக்கத் தொடங்குமுன் ஒரு சிறு சோதனை செய்து பாருங்கள். இடக்கை மணிக்கட்டில், கட்டைவிரலுக்குக் கீழே, வலக்கையின் இரண்டு விரல்களை மெல்ல வைத்து நாடியை ஒரு நிமிடம் எண்ணுங்கள். 70 அல்லது 80 வரும். இப்போது எழுந்து போய் மாடிப்படியில் விரைவாக மூன்று முறை ஏறி இறங்குங்கள். உடனே மறுபடியும் எண்ணுங்கள். 130, 140 என்று ஏறியிருக்கும். உழைக்கும்போது நாடி விரைவது யாவரும் அறிந்ததுதான். ஆனால், விரையும்படி இதயத்துக்கு ஆணையிட்டது யார்? அந்த ஆணை எந்த வழியாகப் போய்ச் சேர்ந்தது? நாம் இப்படிக் கேட்பதில்லை. நானும் கேட்டதில்லை. என் வகுப்பு மாணவன் ஒருவன்தான் என்னைக் கேட்க வைத்தான்.

சில ஆண்டுகளுக்கு முன், முதலாண்டு இயற்பியல் மாணவர்களுக்கு அளவீட்டுப் பிழைகளைப் பற்றி நடத்திக்கொண்டிருந்தேன். நிறுத்து கடிகாரத்தைக் கையில் வைத்துக்கொண்டு ஒவ்வொருவரும் தம் நாடியை ஓய்விலும், மைதானத்தை ஒரு சுற்று ஓடி வந்த பின்பும் அளந்து எழுதவேண்டும். வகுப்பில் ஒருவன் சக்கர நாற்காலியில் வருபவன். பத்தாம் வகுப்பு விடுமுறையில் மாமரத்திலிருந்து விழுந்து, கழுத்துப் பகுதியில் முதுகெலும்பு முறிந்து, உள்ளிருந்த தண்டுவடமும் சிதைந்துவிட்டது. கால்கள் அசையா. கைகளை மடக்கி நீட்ட முடியும்; விரல்களில் பிடி கிடையாது. உள்ளங்கையால் சக்கரத்தின் வளையத்தை அழுத்தித் தள்ளிக்கொண்டு போவான்.

"நீ இரு தம்பி, மற்றவர்கள் சொல்வதை எழுதிக்கொள்" என்றேன். "நானும் செய்கிறேன் சார்" என்று சொல்லி, நீண்ட தாழ்வாரத்தில் நான்கு முறை போய்வந்தான். மூச்சு இரைத்தது, சிறிது நேரம் பேச முடியவில்லை. நாடி 112. மற்றவர்களுக்கெல்லாம் 150-ஐத் தாண்டியிருந்தது. "இன்னும் கொஞ்சம் வேகமாகப் போயிருக்கலாமே" என்று சொல்லிவிட்டேன். அவன் பதில் பேசவில்லை. அடுத்த மூன்று நாளும் வகுப்பு முடிந்தபின் தாழ்வாரத்தில் ஓட்டிப் பார்த்திருக்கிறான். 110, 114, 112. குறிப்பேட்டை என் மேசைமேல் வைத்து, "முழு மூச்சாகத்தான் தள்ளினேன் சார். இதற்குமேல் ஏறவில்லை. பிழை கடிகாரத்திலா, என்னிடமா?" என்று கேட்டான்.

பிழை என்னிடத்தில்தான் இருந்தது. அது என்ன பிழை என்று பார்ப்போம்.

மூக்கணாங்கயிறும் தார்க்குச்சியும்

கை, கால் தசைகள் மூளையின் ஆணை வந்தால்தான் சுருங்கும். இதயம் அப்படியன்று. அதன் மேலறையில் உள்ள சைனஸ் முடிச்சு என்னும் சிறு திசுப்பகுதி, தானாகவே மின் துடிப்புகளை எழுப்பிக்கொண்டிருக்கிறது. இதயத்துக்குச் செல்லும் நரம்புகள் எல்லாவற்றையும் துண்டித்துவிட்டாலும் அது துடிக்கும். நிமிடத்துக்கு ஏறத்தாழ 100 முறை துடிக்கும். மாற்று இதயம் பொருத்தப்பட்டவர்களிடம் இதைக் காணலாம்.

அப்படியானால் உங்களுக்கு ஓய்வில் 70 வந்தது எப்படி? வண்டிமாட்டை நினைத்துக்கொள்ளுங்கள். மூக்கணாங்கயிற்றை இழுத்துப் பிடித்தால் மாடு நிதானமாகப் போகிறது. தார்க்குச்சியால் தொட்டால் விரைகிறது. இதயத்துக்கும் இவ்விரண்டும் உண்டு. வேகஸ் என்னும் நரம்பு மூக்கணாங்கயிறு. 100-ஐ 70-க்கு இழுத்துப் பிடிப்பது அதுதான். பரிவு நரம்புகள் தார்க்குச்சி; 150, 180, இளம் வயதில் 200 வரைகூட ஏற்றிவிடுபவை அவையே. மாடிப்படி ஏறத் தொடங்கியதும் மூளை முதலில் கயிற்றைத் தளர்த்துகிறது. பிறகு தாரை எடுக்கிறது.

இனி, இவ்விரண்டும் போகும் பாதையைக் கவனியுங்கள். விஷயம் முழுவதும் இங்கேதான் இருக்கிறது. வேகஸ் நரம்பு மூளைத்தண்டிலிருந்து புறப்பட்டுக் கழுத்து வழியாக நேரே இதயத்துக்கு இறங்குகிறது. தண்டுவடத்துக்குள் நுழைவதே இல்லை. பரிவு நரம்பின் செய்தியோ தண்டுவடத்துக்குள்ளேயே இறங்கி, மார்புப் பகுதியின் மேற்புறத்தில் வெளியேறி, அங்கிருந்து இதயத்தை அடைகிறது. தண்டுவடம் சுமார் 45 செ.மீ. நீளமுள்ளது, பருமனில் நம் சுண்டுவிரல் அளவு. அதிலிருந்து 31 இணை நரம்புகள் கிளைக்கின்றன: கழுத்தில் 8, மார்பில் 12, எஞ்சியவை அதற்குக் கீழே. இதயத்தின் தார்க்குச்சி மார்பு நரம்புகளில் முதல் நான்கைந்தின் வழியே வருகிறது.

ஆகவே கழுத்தில் தண்டுவடம் முற்றிலும் அறுபட்டால் கால்கள் மட்டும் மூளையிடமிருந்து பிரிந்துவிடவில்லை. இதயத்தின் தார்க்குச்சியும் பிரிந்துவிடுகிறது. கயிறு மட்டும் மிஞ்சுகிறது. கயிற்றை முழுதும் தளர்த்தினால் இதயம் தன் இயல்பான 100-க்கு வரும். இரத்தத்தில் கலந்து வரும் சுரப்புகளால் இன்னும் சற்று ஏறும். இத்தகையோர் எவ்வளவு முயன்றாலும் நாடி பெரும்பாலும் 110-க்கும் 130-க்கும் இடையில் நின்றுவிடுவது இதனால்தான். என் மாணவனின் 112 பிழையான அளவு அன்று. அதுவே அவனுடைய உச்சம்.

"220-இலிருந்து வயதைக் கழித்தால் உச்ச நாடித்துடிப்பு வரும்" என்று உடற்பயிற்சி நூல்களில் படித்திருப்பீர்கள். தார்க்குச்சி கையில் இருக்கிறது என்று வைத்துக்கொண்டு எழுதப்பட்ட வாய்பாடு அது. சிறு கோணங்களுக்கு மட்டும் பொருந்தும் ஊசல் வாய்பாட்டைப் பெரிய கோணத்துக்குப் போட்டுவிட்டு, ஊசல் சரியாக ஆடவில்லை என்று நொந்துகொள்வதைப் போன்ற காரியத்தைத்தான் நான் செய்திருந்தேன்.

காலில் ஓர் இரண்டாம் இதயம்

காயம் மார்பின் நடுவிலோ அதற்குக் கீழோ இருந்தால் நிலைமை வேறு. இதயத்துக்கு வரும் தார்க்குச்சி பிழைத்துக்கொள்கிறது. நாடி 180-ஐயும் தாண்டும். ஆனால் இங்கே இன்னொரு தொல்லை.

உட்கார்ந்தோ நின்றோ இருக்கும்போது கால் சிரைகளில் இரத்தம் ஒரு நெடிய தூணாக நிற்கிறது. நிற்பவரின் பாதத்துக்கும் இதயத்துக்கும் இடையே 1.2 மீட்டர் உயரம் என்று கொள்வோம். இரத்தத்தின் அடர்த்தி கன மீட்டருக்கு 1,060 கிலோகிராம். உயரம், அடர்த்தி, புவியீர்ப்பு முடுக்கம் மூன்றையும் பெருக்கினால் 12,466 பாஸ்கல். அதாவது சுமார் 93 மி.மீ. பாதரசம். "தமனிப் பக்கத்திலும் இதே உயரமுள்ள தூண் இருக்கிறதே, U வடிவக் குழாய்போல இரண்டும் சமன் செய்துகொள்ளாதா?" என்று உங்களில் யாராவது கேட்டால் அவருக்கு என் பாராட்டு. குழாய் கண்ணாடியானால் சமன்தான். சிரைகளோ மென்மையானவை, அழுத்தம் ஏறினால் உப்பி, இரத்தத்தைத் தேக்கி வைத்துக்கொள்கின்றன. நடக்கும்போது கெண்டைக்கால் தசை சுருங்கிச் சிரைகளைப் பிழிகிறது. சிரைகளுக்குள் இருக்கும் ஒருவழிக் கதவுகள் இரத்தத்தை மேல்நோக்கி மட்டுமே விடுகின்றன. இதனால் கெண்டைக்கால் தசையை இரண்டாம் இதயம் என்பார்கள்.

கால்கள் அசையாதவருக்கு இந்த இரண்டாம் இதயம் இல்லை. சிரைகளை இறுக்கிப் பிடிக்கும் நரம்பாணையும் காயத்துக்குக் கீழே செல்வதில்லை. இரத்தம் காலில் தேங்குகிறது. இதயத்துக்குத் திரும்பிவரும் அளவு குறைகிறது. வராததை இதயம் எப்படித் தள்ளும்? ஒரு துடிப்புக்கு 70 மில்லிலிட்டர் வெளியேற்ற வேண்டிய இடத்தில் அதைவிடக் குறைவாகவே வெளியேற்றுகிறது. குறையை ஈடுகட்ட அடிக்கடி துடிக்கிறது. ஆக, ஒரே வேலையைச் செய்யும்போது இவருடைய நாடி உங்கள் நாடியைவிட விரைவாக இருக்கும். காயம் சற்று மேலே இருந்தால் நாடி ஏற மறுக்கிறது. சற்றுக் கீழே இருந்தால் வேண்டியதற்கு மேல் ஏறுகிறது!

நீச்சலில் இந்தத் தூண் படுத்துவிடுகிறது என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். உடல் கிடையாக இருப்பதால் இரத்தம் ஏறவேண்டிய உயரம் இல்லை. நீரின் அழுத்தமும் கால்களைச் சுற்றி அமுக்கிக்கொண்டிருக்கிறது. 1965 போரில் குண்டடிபட்டு முதுகெலும்பில் காயமுற்ற இந்திய இராணுவ வீரர் முரளிகாந்த் பேட்கர், அதற்குமுன் குத்துச்சண்டை வீரர். பிறகு நீச்சலுக்கு வந்தார். 1972-இல் ஜெர்மனியின் ஹைடெல்பெர்க் நகரில் நடந்த பாராலிம்பிக் போட்டியில் 50 மீட்டரை 37.33 விநாடியில் கடந்து, இந்தியாவுக்கு அப்போட்டிகளின் முதல் தங்கப் பதக்கத்தைக் கொண்டுவந்தார்.

ஆறு மீட்டர் சரிவு

கால்கள்தாம் இயங்கவில்லையே, பிறகு இதயத்துக்குப் பயிற்சி எதற்கு என்று நினைக்கிறீர்களா? எங்கள் ஆய்வுக்கூடத்துக்குப் போகும் சரிவுப் பாதையைக் கணக்குப் போட்டுக் காட்டுகிறேன்.

மாணவனின் எடை 55 கிலோ, நாற்காலி 20 கிலோ, மொத்தம் 75. சமதளத்தில் சக்கரம் உருள்வதற்கு எதிர்ப்பு சுமார் 11 நியூட்டன். விநாடிக்கு அரை மீட்டர் என்ற மெதுவான வேகத்தில் போக 5 அல்லது 6 வாட் போதும். இப்போது, 12 மீட்டருக்கு 1 மீட்டர் உயரும் சரிவு. எடையின் பன்னிரண்டில் ஒரு பங்கு, 61 நியூட்டன், கூடுதலாகச் சேர்கிறது. மொத்தம் 72. அதே வேகத்தில் 36 வாட். "ஒரு மின்விளக்கு எரியப் போதாதே, இவ்வளவுதானா!" என்று தோன்றும். பொறுங்கள். மிதிவண்டி ஓட்டும் கால்களின் பயனுறுதிறன் 20 சதவீதத்தைத் தாண்டும். வளையத்தைப் பிடித்துத் தள்ளிவிட்டு, கையை எடுத்துப் பின்னால் கொண்டுவந்து, மறுபடி பிடிக்கும் இந்த வேலையிலோ அது 10 சதவீதத்தை எட்டுவதே அரிது. எனவே 36 வாட்டுக்கு உடல் 360 வாட் செலவழிக்க வேண்டும். ஒரு லிட்டர் ஆக்சிஜன் ஏறத்தாழ 20 கிலோ ஜூல் ஆற்றலைத் தரும். ஆக, நிமிடத்துக்கு 1.1 லிட்டர் ஆக்சிஜன் தேவை. உயிர் வாழ்வதற்கான அடிப்படைத் தேவை இதில் சேரவில்லை. கழுத்தில் காயமுற்று, பயிற்சியும் இல்லாத ஒருவர் தம் முழு முயற்சியில் எடுத்துக்கொள்ளக்கூடியது எவ்வளவு தெரியுமா? ஏறத்தாழ 1 லிட்டர்!

அதாவது, நாம் பேசிக்கொண்டே ஏறிப்போகும் ஆறு மீட்டர் சரிவு, அவனுக்கு உச்சத்தையும் தாண்டிய உழைப்பு. நடுவில் இரண்டு முறை நின்றுதான் அவன் ஏறுவான். அப்போது நண்பன் ஒருவன் ஓடிவந்து தள்ளிவிடுவான். அன்பினால்தான். ஆனால், தள்ள ஆள் இல்லாத நாளில் ஆய்வுக்கூடம் இல்லை, நூலகம் இல்லை, பேருந்து நிலையமும் இல்லை. அந்த 1 லிட்டரை 1.3 லிட்டராக உயர்த்த முடியுமா என்பதுதான் கேள்வி. பதக்கமெல்லாம் பிறகு. (எங்கள் சரிவு பன்னிரண்டுக்கு ஒன்றுகூட இல்லை, அளந்து பார்த்தபோது ஒன்பதுக்கு ஒன்று வந்தது. கட்டியவர்கள் முக்கோணவியலைத் தேர்வோடு மறந்துவிட்டார்கள் போலும்.)

இதய நோயும் ஒரு காரணம். தண்டுவடக் காயமுற்றோர் முன்பெல்லாம் சிறுநீரகக் கோளாறுகளால் இளமையிலேயே இறந்தனர். மருத்துவம் அதை வென்றதும் ஆயுள் நீண்டது. இன்று அவர்களுடைய உயிரைப் பறிக்கும் முக்கியக் காரணங்களுள் ஒன்று, நம்மில் மற்றவர்களுக்கு உள்ளதே: இதயமும் இரத்தக் குழாய்களும் கெடுவது.

ஓய்வு என்னும் நஞ்சு

அமெரிக்காவின் டல்லாஸ் நகரில் 1966-இல் ஒரு சோதனை நடந்தது. நலமுள்ள 20 வயது இளைஞர் ஐவரை 3 வாரம் முழுதும் படுக்கையிலேயே இருக்கச் செய்தனர். எழுந்தபோது, ஆக்சிஜனைப் பயன்படுத்தும் உச்சத் திறன் 3.3 லிட்டரிலிருந்து 2.4-க்கு இறங்கியிருந்தது. 30 ஆண்டுகள் கழித்து அதே ஐவரை அழைத்து மறுபடி அளந்தனர். மூன்று வாரப் படுக்கை செய்த கேட்டை, முப்பது ஆண்டு மூப்பு செய்திருக்கவில்லை!

இதை உணராமலேயே உலகம் தண்டுவடக் காயமுற்றோருக்குப் படுக்கையைத்தான் மருந்தாகத் தந்துகொண்டிருந்தது. முதல் உலகப் போரில் இவ்வாறு அடிபட்ட வீரர்களில் பெரும்பாலோர், படுக்கைப் புண்ணாலும் சிறுநீர்த் தொற்றாலும் விரைவில் மாண்டனர். ஹிட்லரின் கொடுமைக்குத் தப்பி 1939-இல் இங்கிலாந்துக்கு வந்த லுட்விக் குட்மன் என்னும் நரம்பியல் மருத்துவர், 1944-இல் ஸ்டோக் மாண்டெவில் மருத்துவமனையில் தண்டுவடக் காயப் பிரிவைத் தொடங்கினார். இரண்டு மணிக்கு ஒருமுறை நோயாளியைப் புரட்டிப் படுக்கவைத்துப் புண் வராமல் காத்தார். பிறகு எழுப்பி உட்காரவைத்தார். பிறகு விளையாட வைத்தார். முதலில் சக்கர நாற்காலிப் போலோ. அது முரட்டு ஆட்டமாகப் போய்விடவே கைவிட்டனர். 1948 ஜூலை 29 அன்று, லண்டன் ஒலிம்பிக் தொடங்கிய அதே நாளில், 16 பேர் மருத்துவமனைப் புல்வெளியில் வில்வித்தைப் போட்டியில் அம்பெய்தனர். 1960-இல் ரோம் நகரில் அது 23 நாடுகளின் 400 வீரர்களாகப் பெருகியது. பாராலிம்பிக் பிறந்தது இப்படித்தான். வில்லை இழுக்கும்போது முதுகுத் தசையும் தோளும் வலுப்பெறுகின்றன. நிமிர்ந்து உட்காரும் சமநிலை வருகிறது. குட்மன் அதைத் தேர்ந்தெடுத்ததில் பொருள் இருந்தது.

நம் பக்கத்திலும் ஒருவர் உண்டு. வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியின் மருத்துவர் மேரி வர்கீஸ் 1954-இல் சாலை விபத்தில் தண்டுவடக் காயமுற்றார். சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே தொழுநோயாளரின் கைகளுக்கு அறுவை செய்தார். மறுவாழ்வு மருத்துவத்தை அமெரிக்காவில் பயின்று திரும்பி, வேலூரில் அத்துறைக்குத் தலைமை ஏற்றார். 1966-இல் அங்கே மறுவாழ்வு நிலையம் திறக்கப்பட்டது.

எவ்வளவு, எப்படி?

2018-இல் பல நாட்டு அறிஞர்கள் கூடி வெளியிட்ட நெறிமுறை, நீங்கள் எதிர்பார்ப்பதைவிட எளியது. உடல்திறன் வளர, வாரம் இரு நாள், 20 நிமிடம், மூச்சு வாங்கும்படியான பயிற்சி. அத்துடன் இயங்கும் தசைகளுக்கு வாரம் இருமுறை வலுவூட்டும் பயிற்சி. இதய நலனுக்காக என்றால் வாரம் மூன்று நாள், 30 நிமிடம். நாற்காலியை ஓட்டலாம், கையால் சுழற்றும் மிதிகட்டையைச் சுற்றலாம், நீந்தலாம்.

நாடியை நம்ப முடியாதவர் உழைப்பை எதைக்கொண்டு அளப்பது? ஸ்வீடன் நாட்டு உளவியலாளர் குன்னார் போர்க் 6 முதல் 20 வரையுள்ள ஓர் அளவுகோலை வகுத்தார். 6 என்றால் ஓய்வு. 20 என்றால் இதற்குமேல் முடியாது. "இப்போது எவ்வளவு கடினமாக இருக்கிறது?" என்று கேட்டு அவர் சொல்லும் எண்ணைக் குறித்துக்கொள்ளவேண்டியதுதான். இயற்பியல்காரனுக்கு இது சற்று உறுத்தும். ஆனால், என் கடிகாரத்தைவிட அவன் வாய்ச்சொல் அன்று துல்லியமாக இருந்தது அல்லவா?

கவனிக்க வேண்டியவை சில உண்டு. வியர்வைச் சுரப்பிகளுக்கும் ஆணை பரிவு நரம்பு வழியேதான் போகிறது. காயத்துக்குக் கீழே அவை செயல்படா. ஒரு கிராம் வியர்வை ஆவியாகும்போது சுமார் 580 கலோரி வெப்பத்தை எடுத்துச் செல்கிறது. அந்த வழி அடைபட்டால் உடல் கொதிகலன்போல் சூடேறும். நம் ஊர்ச் சித்திரை வெயிலில் இது விளையாட்டல்ல. அதிகாலையிலோ நிழலிலோ பயிற்சி செய்து, ஈரத்துண்டாலும் நீர்த் தெளிப்பாலும் அவர் உடலில் வியர்வையை நாமே உண்டாக்கவேண்டும்.

இன்னொன்று உயிருக்கே ஆபத்தானது. மார்பின் ஆறாம் நரம்புக்கு மேலே காயம் உள்ளவருக்குச் சிறுநீர்ப்பை நிரம்பி வழியும் நிலை, இறுக்கிக் கட்டிய வார் போன்ற சிறு காரணங்களால் இரத்த அழுத்தம் திடீரென்று மிக உயர்ந்துவிடலாம். கடும் தலைவலி வரும், முகமும் கழுத்தும் வியர்க்கும், நாடி குறையும். உடனே அவரை நிமிர்த்தி உட்காரவைத்து, இறுக்கமானவற்றைத் தளர்த்தி, சிறுநீர் வெளியேற வழிசெய்து, மருத்துவரை அழைக்கவேண்டும். இந்நிலையை வேண்டுமென்றே வரவழைத்துப் போட்டியில் வேகம் கூட்டிய வீரர்களும் உண்டு. பாராலிம்பிக்கில் அது தடைசெய்யப்பட்டிருக்கிறது. தோள்மூட்டையும் காக்கவேண்டும், நாள் முழுதும் தள்ளும் தோளுக்கு, பின்னோக்கி இழுக்கும் பயிற்சிகளும் தேவை. சக்கரத்தில் காற்று குறையாமல் பார்த்துக்கொள்வது மலிவான தோள் வைத்தியம்.

தவளைக் காலில் மின்சாரம் பாய்ச்சிய கால்வானியை அறிவீர்கள். அசையாத கால்களின் தசைகளுக்கு முறையாக மின்துடிப்பு தந்து மிதிவண்டி மிதிக்க வைக்கும் கருவிகள் இன்று உள்ளன. 2016-இல் சூரிக் நகருக்கு அருகே இவற்றுக்கென்றே ஒரு பந்தயம் நடந்தது. கிடைக்கும் திறன் சில பத்து வாட்டுக்குள்தான். தசைகள் விரைவில் களைத்துவிடும். எனினும் இரண்டாம் இதயம் சிறிது நேரமாவது விழித்துக்கொள்கிறது.

என் மாணவன் கதைக்கு வருவோம். அவனுடைய மருத்துவரிடமும் இயன்முறை மருத்துவரிடமும் ஒப்புதல் பெற்றபின், பழைய மிதிவண்டி ஒன்றின் மிதிகட்டையையும் பின்சக்கரத்தையும் மேசைமேல் பொருத்தினோம். சக்கரத்தைச் சுற்றி ஒரு கயிறு. இரு முனையிலும் வில்தராசு. அவற்றின் வேறுபாட்டையும் சக்கர வேகத்தையும் பெருக்கினால் திறன் கிடைத்துவிடும். உங்கள் பாடநூலில் உள்ள கயிற்றுத் தடைதான். விரல்களில் பிடி இல்லாததால் கைகளைத் துணிப்பட்டையால் மிதிகட்டையோடு கட்டினோம். வாரம் மூன்று மாலை. தொடக்கத்தில் 20 வாட்டில் ஐந்து நிமிடம்கூடத் தாங்கவில்லை. ஆறாம் மாதம் 30 வாட்டில் 20 நிமிடம் சுற்றினான். உச்ச நாடி ஏறியிருக்காது என்று எனக்கு இப்போது தெரியும். கயிற்றுக்கு அப்பால் எதுவும் மாறவில்லையே. மாறியவை கைத்தசைகள். அதே இரத்தத்திலிருந்து அதிக ஆக்சிஜனை எடுத்துக்கொள்ள அவை கற்றிருந்தன.

செய்முறைத் தேர்வன்று காலை நான் சரிவின் மேல்முனையில் நின்றிருந்தேன். தள்ள வந்த நண்பனை அவன் கையசைத்து நிறுத்திவிட்டு, மெதுவாக, நிற்காமல் ஏறி வந்தான். மேலே வந்ததும் மணிக்கட்டை என்னிடம் நீட்டினான். எண்ணினேன். 114.